ஓநாய்ப் பள்ளத்திலிருந்து மேலே

ராஃபிலாவுக்கு அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்குதான். தோண்டுவது, பொறுக்குவது, மூட்டை கட்டுவது, நிலவறைக்குள் இறக்குவது. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. மகள் ஸ்பெயினில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். எங்கள் மலையில் கை கால் திடமாக இருந்தவர்கள் எல்லாரும் இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என்று கிளம்பிப் போய்விட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய நாங்கள் சிலர்தான் மிச்சம்.

அவளிடம் தோய்னா என்றொரு குதிரை இருந்தது. குட்டையான, அகலமான மலைக்குதிரை. அதை வைத்துக்கொண்டு அடுத்தவர்களுக்கு விறகு இழுத்துக் கொடுப்பாள், வைக்கோல் ஏற்றுவாள். இலை உதிரும் காலம் வந்தால், வேட்டைக்காரர்கள் சுட்டுப்போட்ட மான்களைக் காட்டுக்குள்ளிருந்து சாலைவரை கொண்டுவந்து சேர்ப்பாள். சாலையிலிருந்து டவுனில் இருக்கும் குளிர்கிடங்கு வரைக்கும் என் வேன். நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். மூன்றாவது ஆள் காவ்ரில்.

காவ்ரில் எங்கள் பக்கத்து வேட்டைக் காவலன். வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய், எந்த மானைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று காட்டுவது அவன் வேலை. அவன் ராஃபிலாவின் புருஷனாக இருந்தவன். கட்டட வேலைக்கென்று இத்தாலிக்குப் போனான். முதலில் கிறிஸ்துமஸுக்காவது வந்துகொண்டிருந்தான். அப்புறம் அதுவும் நின்றது. பெர்காமோவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று செய்தி மட்டும் வந்தது. ராஃபிலா அழுததை யாரும் பார்க்கவில்லை. கோர்ட்டுக்குப் போனாள், விவாகரத்து வாங்கினாள், திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பல வருடம் கழித்து, பனி உருகிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மாதத்தில், காவ்ரில் ஒற்றைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். அங்கே இருந்தவள் அடித்துத் துரத்திவிட்டாள் என்று ஊரே பேசிக்கொண்டது. அவனும் மறுக்கவில்லை. வேட்டை விடுதியின் பின்னறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டு காவலன் ஆனான்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் நீங்க, வாங்கதான். சிறிய ஊர். கடையில், சர்ச்சில், பாலத்தில் எதிர்ப்படாமல் இருக்க முடியாது. அவள் அவனைக் 'காவலர் ஐயா' என்பாள். அவன் 'ராஃபிலா அம்மா' என்பான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. மான் இழுக்கிற வேலையைக்கூட அவன் நேரே போய்க் கேட்கமாட்டான். எனக்குச் சொல்வான், நான் போய் அவளிடம் சொல்வேன்.

அன்று காலையிலும் அப்படித்தான். போனில் அவன் குரல் மூச்சு வாங்கியது. விடுதியில் தங்கியிருந்த ஆஸ்திரியக் கிழவர் விடியற்காலையில் ஒரு பெரிய ஆண்மானைச் சுட்டிருக்கிறார். கை நடுங்கிவிட்டது. குண்டு தோளுக்குப் பின்னால் படாமல் வயிற்றில் பட்டுவிட்டது. மான் ஓடிப்போய், ஓநாய்ப் பள்ளத்தின் அடியில் விழுந்து செத்திருக்கிறது. ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்துப் போய் காவ்ரில் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட்டதாகவும், போன் பேசுவதற்காக மேட்டுக்கு ஏறி வந்திருப்பதாகவும் சொன்னான். செப்டம்பர் முடியப்போகிறது, ஆனாலும் வெயில் ஆகஸ்ட் மாதிரி காய்ந்தது. வயிற்றில் குண்டு பட்ட மான் வெயிலில் கிடந்தால் மத்தியானத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும்.

நான் போனபோது ராஃபிலா உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஓநாய்ப் பள்ளம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். நிற்கக்கூட இடமில்லாத சரிவு அது. போன குளிர்காலக் காற்றில் ஊசியிலை மரங்கள் வேரோடு பெயர்ந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. முடியாது என்றாள். டிராக்டர்காரனைக் கேட்கச் சொன்னாள். டிராக்டர்காரன் ஜெர்மனியில் தக்காளி பறிக்கிறான் என்றேன். காவலர் ஐயாவே தோளில் போட்டுக்கொண்டு வரட்டும் என்றாள். எனக்கு அந்தக் கோடையில்தான் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. இழுக்கவோ தூக்கவோ கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

"திங்கற பொருளு," என்றாள் கடைசியில். "அழுகிப் போகணும்னா அது எதுக்குச் சாகணும்." எழுந்து தொழுவத்துக்குப் போனாள்.

குதிரை வண்டியைக் காட்டுப் பாதை முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, குதிரையை மட்டும் அவிழ்த்துக்கொண்டு நடந்தோம். ராஃபிலா முன்னால் போனாள். இரண்டு வடக்கயிற்றைத் தோளில் மாட்டியிருந்தாள். ஏற்றத்தில் அவள் அடிக்கடி நின்றாள். நின்றால் குதிரையும் நிற்கும். பள்ளத்தின் விளிம்பை ஒட்டிப் போகிற ஒற்றையடிப் பாதைக்கு நாங்கள் வந்தபோது, கீழேயிருந்து காவ்ரில் ஏறி வந்தான். மேலே வெறும் பனியன். கையெல்லாம் காய்ந்த ரத்தம்.

"சட்டை எங்க, கரடிக்குக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள் ராஃபிலா.

"கிட்டத்தட்ட. மானுக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன். அந்த நாத்தத்துக்கு எந்தக் கரடியும் வராது."

"எனக்குத் தெரியாததா," என்றாள்.

மூவரும் எட்டிப் பார்த்தோம். மான் அடியில், விழுந்த மரங்களுக்கு நடுவே, பக்கவாட்டில் கிடந்தது. காற்றோட்டத்துக்காக விலாவை விரித்து ஒரு குச்சியை முட்டுக் கொடுத்திருந்தான். மேலே பச்சைக் கிளைகளைப் போட்டு ஈக்களிடமிருந்து மூடியிருந்தான். வாயில் ஒரு ஊசியிலைக் கொத்து. செத்த மானுக்கு அதைக் கடைசிக் கவளமாக வைப்பது எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்களின் வழக்கம். கிழவர் முழங்கால் வலியால் இறங்க முடியாமல், அவர் சார்பில் தன்னை வைக்கச் சொன்னதாகக் காவ்ரில் சொன்னான். அவர் விடுதியில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம். தப்பாகச் சுட்டுவிட்டோம் என்ற வருத்தம்.

துண்டுபோட்டு எடுத்துவரலாமே என்று ராஃபிலா கேட்டாள். துண்டாகக் கொண்டுபோனால் குளிர்கிடங்கில் எடுக்கமாட்டார்கள், மிருக டாக்டர் முழு உடம்பைப் பார்க்க வேண்டும் என்றான் காவ்ரில். அவள் பெருமூச்சு விட்டாள். அப்புறம் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அதை அவர்கள் பேசித் தீர்மானித்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அவள் ஒரு கயிற்றை நீட்டினாள், அவன் வாங்கிக்கொண்டு இறங்கினான்.

முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி, கொம்புக்குப் பின்னால் சேர்த்துக் கட்டினான். இல்லாவிட்டால் போகிற வழியெல்லாம் மரத்தில் மாட்டிக்கொள்ளும். தலை முன்னால் வருகிறபடி கொம்பின் அடியில் கயிற்றைப் போட்டான். மயிர் படிந்திருக்கிற திசையில் இழுத்தால்தான் மான் வழுக்கிக்கொண்டு வரும். அந்தக் கயிறு மேலே ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வந்து குதிரையின் சேணத்தில் மாட்டியது. நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு பாதையில் நடத்த வேண்டும். இரண்டாவது கயிறு ராஃபிலாவிடம். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு அறுத்த மரத்தின் அடிக்கட்டையில் அதை இரண்டு சுற்றுச் சுற்றி, மான் ஏற ஏறத் தளர்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கயிறு கைவிட்டால் இது தாங்கும். காவ்ரில் மானோடு கூடவே ஏறி, கொம்பு மாட்டுகிற இடத்தில் விடுவித்து, பின்புறத்தைத் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

தோய்னாவுக்கு ரத்த வாடை பிடிக்கவில்லை. மூக்கு விடைத்தது, காதை மடக்கியது. ராஃபிலா தலைத்துணியை அவிழ்த்து அதன் மூக்கின் மேல் கட்டிவிட்டு, காதருகே ஏதோ சொல்லிவிட்டு இறங்கினாள்.

கொஞ்சம் இழுப்போம், நிறுத்துவோம். காவ்ரில் கொம்பை விடுவிப்பான், கையை உயர்த்துவான், மறுபடியும் இழுப்போம். குடலை எடுத்த பிறகும் அது இரண்டு ஆள் கனத்துக்குக் குறையாது. மானின் கழுத்து நீண்டு, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் தலை ஆமாம் ஆமாம் என்பதுபோல ஆடியது. வெயில் ஏறிவிட்டது. மூன்று பேருமே ஒரு கட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டோம். கயிறு இறுகுவதும் தளர்வதும் மட்டும்தான்.

முக்கால் தூரம் வந்திருப்போம். தோய்னாவின் கால் ஈர வேரில் வழுக்கியது. முன்னங்கால் மடங்கி அப்படியே விழுந்தது. என் கையிலிருந்து கடிவாளம் பிடுங்கிக்கொண்டது. குதிரை ஓரடி பின்னால் சரிந்ததும் கயிறு தொளதொளவென்று ஆனது. மான் சரிவில் திரும்பி இறங்கத் தொடங்கியது. காவ்ரில் அதன் கீழே இருந்தான்.

ஒரு மரம் முறிவதுபோன்ற சத்தம் கேட்டது. அது மரம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டிப் பார்த்தேன். மான் ஒரு விழுந்த மரத்தின் மேல் முட்டி நின்றிருந்தது. அதற்கும் மரத்துக்கும் நடுவே காவ்ரிலின் கால். மீதிக் கனத்தையெல்லாம் ராஃபிலாவின் கயிறுதான் பிடித்திருந்தது. அவள் கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு குதிகாலையும் அதில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்திருந்தாள். கயிறு கட்டையில் உரசி மெல்ல மெல்ல நழுவியது. அவள் விரல்களுக்கு நடுவிலும் நழுவியது.

"விட்டுராத, ராஃபி," என்றான் காவ்ரில். கத்தவில்லை. கத்த அவனுக்கு மூச்சில்லை.

"நான் எங்க விட்டேன்," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீதான விட்டுட்டுப் போனே."

நான் குதிரையைத் தட்டி, கெஞ்சி, வால்பக்கம் தோளைக் கொடுத்து எழுப்பினேன். ஆபரேஷன் செய்த இடம் சுரீர் என்றது. தோய்னா நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. ஓரடி வைத்தது, இன்னொன்று. கயிறு இறுகி மான் தலையைத் தூக்கியது. காவ்ரில் காலை உருவிக்கொண்டான்.

அதற்கப்புறம் மேலே வந்த அந்தக் கொஞ்ச தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் ஒற்றைக் காலில் தவழ்ந்து தவழ்ந்து மானைத் தள்ளினான். அவள் கட்டைக்குக் கட்டை மாறி மாறிக் கயிற்றைச் சுற்றினாள். மான் பாதைமேல் வந்து கிடந்ததும் மூன்று பேரும் அதைச் சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டோம். குதிரையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

ராஃபிலாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்தாள். பிறகு காவ்ரிலின் அருகே நகர்ந்து, அவனைக் கேட்காமலேயே பூட்ஸ் கயிற்றைக் கத்தியால் அறுத்து, காலை வெளியே எடுத்தாள். கணுக்கால் வீங்கி நீலமாக இருந்தது. குதிரையின் மூக்கிலிருந்து தலைத்துணியை அவிழ்த்து, தண்ணீர்க் குடுவையை அதில் கவிழ்த்து, கணுக்காலைச் சுற்றிக் கட்டினாள். நான் பையிலிருந்து ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் எடுத்தேன். அதற்குமேல் அவளால் கத்தி பிடிக்க முடியவில்லை. நான் வெட்டி வெட்டிக் கொடுத்தேன்.

அப்புறம் அவள் கேட்டாள். அத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி. ஊரே பதிலை முடிவு செய்துவிட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது.

"அங்க இருந்தாளே, அவ ஏன் உன்னத் தொரத்தினா?"

காவ்ரில் மானின் முதுகில் சாய்ந்திருந்தான். சாப்பிடுவதை நிறுத்தினான்.

"தொரத்தல. செத்துப்போனா."

ராஃபிலா அவனைப் பார்த்தாள்.

ரத்தத்தில் வந்த நோய் என்றான். இரண்டு குளிர்காலம் படுக்கையில் கிடந்தாள் என்றான். அவளைக் கவனிக்க வேறு யாரும் வரவில்லை. தூக்கி உட்காரவைத்தது, குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அவன்தான். வேலை போனது. அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் அண்ணன்காரன் வந்து வீட்டைப் பூட்டிவிட்டான். பஸ் ஏறினேன் என்றான். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னான்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றாள் ராஃபிலா.

"யார்கிட்ட? உன்கிட்டயா?"

"ஆமா. வேற யாரு இருக்கா உனக்கு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் குதிரையைப் பார்ப்பதுபோல எழுந்து போனேன். எனக்கும் அந்த மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்துக் கேலியாக ஏதோ சொல்லிச் சிரித்த கும்பலில் நானும் நின்றிருந்தேன்.

உட்கார்ந்துகொண்டே இருக்க முடியாது. மானுக்கு மேல் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. காவ்ரிலால் நடக்க முடியவில்லை. அவனைத் தோய்னாவின் மேல் ஏற்றினோம். மானைக் கயிற்றில் பின்னால் கட்டினோம். ராஃபிலா கடிவாளத்தைக் கையால் பிடிக்க முடியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். நான் மானுக்குப் பின்னால், கொம்பு வேரில் சிக்கினால் விடுவித்துக்கொண்டு போனேன். சண்டையில் தோற்றுத் திரும்புகிற படை மாதிரி இருந்தோம். வளைவுகளில் அவள் நிற்பாள். காவ்ரில் இறங்குகிறேன் என்பான். சும்மா உட்காருங்க என்பாள். அந்த 'உட்காருங்க'வில் பழைய குத்தல் இல்லை, அலுப்புதான் இருந்தது.

வண்டியை அடைந்ததும் பலகையைச் சாய்த்துவைத்துக் குதிரையை வைத்தே மானை மேலே இழுத்தோம். பக்கத்தில் காவ்ரிலைப் படுக்கவைத்தோம். இடம் போதவில்லை. அவன் தலையும் மானின் தலையும் ஒரே சாக்கின் மேல் இருந்தன. ஈக்கு மறைப்பாகப் பச்சைக் கிளைகளைப் போட்டபோது அவன் மேலும் கொஞ்சம் விழுந்தது.

"ரெண்டு பொணம் போற மாதிரி இருக்கு," என்றான் அவன்.

"ஒண்ணாச்சும் வெல போகும்," என்றாள் ராஃபிலா.

நான் சிரித்துவிட்டேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. காவ்ரிலும் சிரித்தான் என்று நினைக்கிறேன். கிளைகள் ஆடின.

டவுனுக்கு நான் இருவரையும் வேனில் கொண்டுபோனேன், மானையும் அவனையும். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு என்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். குளிர்கிடங்கில் மிருக டாக்டர் மானைத் தொங்கவிட்டு, முகர்ந்து, அமுக்கிப் பார்த்தார். குண்டு வயிற்றைக் கிழித்த பக்கம் தொடையும் இடுப்பும் பச்சை பூத்துவிட்டன. அவற்றை வெட்டித் தொட்டியில் போட்டார். முன்பாதி தேறியது. நாங்கள் அவ்வளவு பாடுபட்டதற்குப் பாதி மான். டாக்டர்மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. நாற்றம் எனக்கே அடித்தது.

கொம்பு ஆஸ்திரியக் கிழவருக்குப் போயிற்று. ஊருக்குக் கிளம்பும் முன் அவர் ராஃபிலாவின் வீட்டுக்கு வந்தார். கைகுலுக்கக் கையை நீட்டினார், அவள் கட்டுப்போட்ட கைகளைக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இனிமேல் சுடப்போவதில்லை என்று வழியில் என்னிடம் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு மறுவருடம் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் வரவில்லை.

கட்டுப் பிரிக்கிறவரை ராஃபிலா காவ்ரிலைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள் என்று ஊரில் பேச்சு. அவள் வைத்துக்கொள்ளவில்லை. அவன் விடுதியின் பின்னறையில்தான் கிடந்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் சூப்போ கஞ்சியோ ஒரு சட்டியில் கொண்டுபோய் வைப்பாள், போன தடவைச் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தாள், என்ன பேசினார்கள் என்று கணக்குப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அதில் சேர மனசில்லை.

நவம்பரில் இறந்தவர்களுக்கான சனிக்கிழமை வந்தது. எல்லா வீட்டிலிருந்தும் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் கொட்டைப்பருப்பும் போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு வந்தோம். அவரவர் வீட்டில் செத்தவர்களின் பெயரைச் சொல்லச் சொல்ல, பாதிரியார் உரக்கச் சொல்லிப் பிரார்த்தனை செய்வார். ராஃபிலா தன் அப்பா, அம்மா, பிறந்தவுடன் போன முதல் பிள்ளை என்று சொன்னாள். கடைசியாக, ஓர்னெல்லா என்றாள்.

பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு பெயர் எங்கள் மலையில் கிடையாது, அது இத்தாலிக்காரப் பெயர். இது யார், நம்ம சபையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்ல சாமி. தூரத்துப் பொம்பள. அவ பேரச் சொல்ல ஆளில்ல."

ஆண்கள் பக்கத்தில் காவ்ரில் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். அவன் தலை குனிந்தது. சர்ச்சுக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. பாதிரியார் சற்று யோசித்தார். பிறகு மற்றப் பெயர்களைச் சொன்ன அதே குரலில் அதையும் சொன்னார்.

வெளியே வந்தபோது முதல் பனி தூற ஆரம்பித்திருந்தது. பெண்கள் சிலர் ராஃபிலாவிடம் வாயைக் கிளறப் பார்த்தார்கள். அவள் காலித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வேனிடம் வந்தாள். முழங்கால் வலிக்கிறது, மேலே கொண்டுவிடுகிறாயா என்று கேட்டாள். ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்குக் காவ்ரிலைப் பற்றியோ அந்த ஓர்னெல்லாவைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்கு விறகு இழுக்க வேண்டும், தோய்னாவுக்கு லாடம் தேய்ந்துவிட்டது என்றாள். அடுத்த வளைவுக்குள் தலை ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். வீடு வந்த பிறகும் உடனே எழுப்ப மனம் வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.